தம்பிதுரை தாண்டிப் போன பக்கங்கள்

தம்பிதுரை படிக்காமல் விட்ட கடல், பிப்ரவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உடுமலைப்பேட்டையில் அவர் வீட்டுக் குளியலறையில் வந்து நின்றது. முழங்கால் ஆழம் இருந்தது. அலை சின்னதுதான், சோப்புப் பெட்டியை இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை மட்டும் திருப்பிக் கொடுத்தது. மனைவி கீதா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்றார். அந்தத் தெருவில் போர்த் தண்ணீரே உப்பு என்பதால் முதல் நாள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வாளிக்குள் ஒரு நண்டு இருந்தது. அதற்கும் அடுத்த நாள் வந்த பிளம்பர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இது குழாய் வேலை இல்லை, தனக்கு நீச்சலும் தெரியாது என்று சொல்லி, வந்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கடல் வந்ததற்குக் காரணம் கல்யாணம். தம்பிதுரை மக்காச்சோள மொத்த வியாபாரி. ஒரே மகள் லோகப்பிரியாவுக்குக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வரன் இருந்தது. பையன் பெயர் உதய். வாழைத்தோப்பு, அரிசி ஆலை, பைபாஸ் ஓரத்தில் காலி இடம், பையனுக்குப் பேச்சு கம்மி என்ற நற்பெயர் வேறு. லோகப்பிரியா முதலில் புரொமோஷனைக் காட்டித் தள்ளிப்போட்டாள், பிறகு ஆடி மாதத்தைக் காட்டினாள், ஒருமுறை பல்லுக்குக் கம்பி போட்டிருப்பதைக்கூடக் காட்டினாள். காட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லாத ஒரு ஜனவரி முதல் தேதி, அப்பாவிடம் ஒரு பேரம் கொண்டுவந்தாள். அவள் சொல்கிற புத்தகங்களை அவர் வருஷம் முழுக்கப் படிக்க வேண்டும். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. எல்லாவற்றையும் முடித்துவிட்டால், அடுத்த தையில் கோபிக்காரர்கள் முன்னால் முகம் சுளிக்காமல் காப்பித் தட்டோடு நிற்பாள். ஒரு புத்தகம் முடியாமல் நின்றாலும், மாப்பிள்ளை அவள் காட்டுகிற ஆள்.

தம்பிதுரையின் அப்பா மாட்டுத் தரகர். அந்தக் குடும்பத்தில் முக்கியமான பேரம் எதையும் வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். மகளும் அப்பாவும் சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்து துண்டைப் போட்டுக்கொண்டார்கள். வாரம் ஒன்று என்று அவள் ஆரம்பித்தாள். மொத்தமே இரண்டு என்று அவர் ஆரம்பித்தார். துண்டுக்கு அடியில் இரண்டு பூனைகள் சண்டை போடுவதுபோல இருந்தது என்று கீதா பிற்பாடு சொன்னார். கடைசியில் மாதம் ஒன்று என்று படிந்தது. தம்பிதுரை எழுந்தபோது ஜெயித்த முகத்தோடு எழுந்தார். மகள் முகத்தில் ஒன்றுமே இல்லை. இப்படி முகத்தில் ஒன்றுமில்லாத ஆளிடம் அவர் அப்பா ஒருநாளும் மாடு பிடித்ததில்லை. அன்றைக்கு அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

புத்தகங்கள் உக்கடத்தில் பீர் முகம்மதுவின் பழைய புத்தகக் கடையில் வாங்கப்பட்டன. அவர் மகள் ரம்ஷாவும் லோகப்பிரியாவும் கல்லூரித் தோழிகள். எந்த மாதத்துக்கு எது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் பொறுக்கினார்கள். தம்பிதுரை விலையை மட்டும் பேசினார். முதல் தடவையே, எப்படியும் நான் முழுசாகப் படிக்கப்போவதில்லை, படிக்கிற பக்கத்துக்கு மட்டும் விலை போடுங்க பாய் என்று கேட்டார். பீர் முகம்மது, படிக்காத பக்கங்களைக் கிழித்துக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கிழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. காசு கொடுத்த பொருளைப் பாதியாக வாங்கிப்போக தம்பிதுரைக்கு மனம் வரவில்லை.

படித்த விதம்தான் தப்பு. மண்டியில் சோள மூட்டை வந்தால் யாரும் பிரித்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசி என்று ஒரு குழல் வைத்த கம்பி உண்டு. அதை மூட்டையின் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று குத்துவார்கள். கையில் விழுகிற மணியை வைத்து மொத்த மூட்டைக்கும் விலை சொல்லிவிடலாம். ஒவ்வொரு மணியாகக் கடித்துப் பார்த்து வாங்கியவன் எவனும் அந்த ஊரில் கடை நடத்தியதில்லை. தம்பிதுரையும் புத்தகத்துக்குத் தலையில் பத்துப் பக்கம், நடுவில் ஒரு பக்கம், அடியில் பத்துப் பக்கம் என்று படித்தார். மாதக் கடைசியில் மகள் கேட்கும்போது, படிச்சுப்போட்டேன் கண்ணு, சரக்கு பரவால்ல, கொஞ்சம் ஈரம் சாஸ்தி என்பார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஜனவரிக்கு யானைகளைப் பற்றிய புத்தகம். வேலி வளைந்து கிடந்தது, வாசலில் லத்தி கிடந்தது. அமராவதி அணைப் பக்கமிருந்து நிஜ யானை இறங்கியிருக்கும் என்று தெருவே பேசிக்கொண்டு விட்டுவிட்டது. பிப்ரவரிக்கு மீனவர் நாவல், கடல் வந்தது. கணக்கைக் கண்டுபிடித்தவர் கீதா. மெத்தைமேல் கிடந்த புத்தகத்தைச் சும்மா புரட்டியவர், அதைக் குளியலறை வாசலுக்கே கொண்டுவந்தார்.

"ஏனுங்க, இந்த நண்டு இங்க நடுவால ஒரு பக்கத்துல வருதுங்களே. நீங்க படிச்சிருந்தா இது புஸ்தகத்துலதான இருக்கோணும்? நம்ம பக்கெட்டுல ஏனுங்க இருக்குது?"

தம்பிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தார். நண்டு போய்விட்டது. அடுத்தடுத்த பக்கங்களைப் படிக்கப் படிக்க நீர் இறங்கி, கடைசி அத்தியாயத்துக்குள் தரை ஓடு தெரிந்தது. ஆக, படித்தது புத்தகத்துக்குள் போகும், படிக்காதது வீட்டுக்கு வந்து நிற்கும். வேறு ஒருவராக இருந்தால் அன்றோடு திருந்தி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்திருப்பார். தம்பிதுரை வியாபாரி. தவணை டிசம்பர் வரைக்கும் இருக்கும்போது இப்போதே படித்து முடிப்பானேன் என்றுதான் அவருக்குத் தோன்றியது. தொந்தரவு கொடுப்பதை மட்டும் உடனே படிப்பது, மற்றதை வருஷக் கடைசியில் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார். சனிக்கிழமை வந்த லோகப்பிரியா குளியலறைச் சுவரில் உப்புக்கோடு இருப்பதைப் பார்த்தாள். கையால் சாண் போட்டு அதன் உயரத்தை அளந்தாள்.

மார்ச்சுக்குச் சரித்திரப் புத்தகம். தோற்றுப்போன படை ஒன்று மண்டியில் வந்து தங்கி, மூட்டைகளின்மேல் படுத்து, மூன்று வேளையும் சாப்பிட்டது. தளபதி மண்டிக்கு வரி கேட்டபோதுதான் தம்பிதுரை ஒரே மத்தியானத்தில் அத்தனை போரையும் படித்து முடித்தார். ஏப்ரலுக்குத் துப்பறியும் நாவல். கார் ஷெட்டில் பட்டு ஜிப்பா போட்ட ஒரு பிணம் கிடந்தது. கடைசிப் பத்துப் பக்கத்தைப் படித்திருந்ததால் கொலைகாரன் யார் என்று தம்பிதுரைக்குத் தெரியும். சப்-இன்ஸ்பெக்டரிடம் பெயரையே சொன்னார். ஆனால் படிக்கப்பட்டுவிட்ட கொலைகாரன் புத்தகத்துக்குள் இருந்தபடியால் கைது செய்ய முடியவில்லை. நடுப்பகுதியை வாசித்துப் பிணத்தை அனுப்பிவைத்த பிறகு, அவருக்கும் ஸ்டேஷனுக்கும் நல்ல பழக்கம் ஏற்பட்டது. மே மாதம் கவிதை. பொருளாக ஒன்றும் வரவில்லை, ஆனால் வீட்டில் யாராலும் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. சாம்பாரில் உப்பு, என்று சொல்லிவிட்டு தம்பிதுரை ஜன்னலைப் பார்ப்பார். பால்காரருக்குப் பணம், என்று கீதா பெருமூச்சு விடுவார். ஜூனுக்கு எங்கோ குளிர்தேசத்து மொழிபெயர்ப்பு. அவர் வீட்டு மொட்டைமாடியில் மட்டும் பனி பெய்தது. ஏசி போடாமல் கரன்ட் பில் பாதியாகிவிட்டதால் அந்தப் புத்தகத்தைத் தொடவே கூடாது என்று கீதா உத்தரவு போட்டார். ஜூலையில் பீர் முகம்மதுவே சிபாரிசு செய்த, வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்ற புத்தகம். நடுவில் ஒன்றும் இல்லாததால் ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்டுக்கு ஒரு பழைய நாவல். மில்கள் முழு வேகத்தில் ஓடிய காலத்துக் கோயமுத்தூர்க் கதை. எழுதியவர் இறந்து நெடுங்காலம் ஆயிற்று, மறுபதிப்பும் இல்லை. ரம்ஷா எங்கெங்கோ தேடி ஒரே ஒரு பிரதியைப் பிடித்துக் கொடுத்தாள். தம்பிதுரை வழக்கம்போலத் தலையில் பத்துப் பக்கம் படித்தார். நடுவில் ஒரு பெண் தோசை ஊற்றிக்கொண்டு தம்பிக்காகக் காத்திருந்தாள். அடியில், கடைசிப் பக்கத்திலிருந்து மேலே வந்து இரண்டு பக்கம் ஆகும்போது கோபியிலிருந்து போன் வந்தது. சம்பந்தி ஆகப்போகிறவர் வாழைக்காய் விலையில் ஆரம்பித்து மண்டபம் வரைக்கும் பேசியதில், புத்தகம் அப்படியே மூடப்பட்டது.

மறுநாள் காலை மண்டி முக்காலியில் ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் அகன்று விரியும் பேண்ட், காதை மூடிய முடி, கையில் குறடு. பெயர் தெய்வசிகாமணி என்றார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற வேலை. அவரோடு ஒரு சைக்கிளும், வேளைக்கு ஒருதரம் ஊதும் மில் சங்குச் சத்தமும் வந்திருந்தன. மில் முதலாளி ஒருவரும்கூட வந்தார். மண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகாது என்று பஸ் ஏறிப் போய்விட்டார். தெய்வசிகாமணி போகவில்லை. எரிந்துபோய்க் கிடந்த போர் மோட்டாரைச் சாயங்காலத்துக்குள் ஓடவைத்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைத்தார். இதைப் பார்த்த கீதா, படித்து அனுப்புகிற வேலையெல்லாம் வேண்டாம், இவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். தெருவில் மிக்சி, கிரைண்டர் வைத்திருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள்.

சனிக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்த லோகப்பிரியா வெள்ளிக்கிழமையே வர ஆரம்பித்தாள். அப்புறம் புதன்கிழமை. அப்புறம் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றாள். மண்டியின் பின்பக்கம் செம்புக் கம்பி சுற்றுகிற இடத்தில்தான் லேப்டாப்புக்கு சிக்னல் நன்றாக வருகிறதாம். தம்பிதுரை ஐப்பசி வரை பார்த்தார். அந்த ஊரில் இப்படி ஒரு பையன் வந்து நின்றால் விசாரிக்காமல் இருப்பவர்கள் இல்லை. அவரும் பக்குவமாகத்தான் கேட்டார்: தம்பி குலத்துல என்ன கூட்டம், குலதெய்வக் கோயில் எது. தெய்வசிகாமணி தலையைச் சொறிந்துகொண்டு, அதெல்லாம் எழுதலீங்க என்றார். பங்காளி, மாமன் மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று போய்க் கேட்க ஒரு ஊரும் இல்லை. விசாரிக்க இருந்த ஒரே இடம் அந்தப் புத்தகம். தம்பிதுரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பிரித்தபோது, லோகப்பிரியா பக்கத்தின் மேல் கையை வைத்தாள்.

"படிச்சீங்கன்னா போயிருவாருங்கப்பா."

"தெரியாத ஆளை எப்பிடி அம்மணி ஊட்டுக்குள்ள வெச்சுக்கறது?"

"எனக்குத் தெரியுமுங்க. காலேஜு லைப்ரரியில இந்தப் புஸ்தகத்த எத்தன தடவ படிச்சிருக்கறன்னு எனக்கே தெரியாது. அவரு எதுக்குக் கோவிப்பாரு, பொய் சொன்னா எந்தப் பக்கம் பாப்பாரு, எல்லாம் தெரியும். கோபிக்காரப் பையனப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க? பேச்சு கம்மி. அவ்வளவுதான?"

தம்பிதுரை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குத்திய இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். தலைப் பத்துப் பக்கத்தில் இந்தப் பையன் இல்லை. நடுப்பக்கத்தில் அவன் அக்கா மட்டும் தோசை ஊற்றுகிறாள். கடைசி இரண்டு பக்கத்தில் ஏதோ ரயில் போகிறது. தான் குத்துகிற மூன்று இடமும் தெரிந்து, மூன்றிலும் படாத இடத்தில் சரக்கை வைத்து ஒருத்தி அனுப்பியிருக்கிறாள் என்பது மெதுவாக விளங்கியது. கோபம் கிளம்பியது. வாய்க்கு வருவதற்குள் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. ஊரில் பத்துப் பேரைக் கூப்பிட்டு மகளைக் காட்டலாம் போலிருந்தது.

"நெசமாச் சொல்லு கண்ணு. கடல் வந்தப்பவே கண்டுபிடிச்சுட்டியா?"

"யானையிலயேங்கப்பா."

ஆனால் அவள் போட்ட கணக்கிலும் ஒரு பிசகு இருந்தது. கார்த்திகையில் தெய்வசிகாமணிக்குக் காய்ச்சல் கண்டது. கோயமுத்தூரில் பெரிய டாக்டர்களைப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிருமி எதுவும் இல்லை, கொஞ்சம் அச்சு மை மட்டும் இருந்தது. அதற்கு மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குறடு கையில் நிற்காமல் நழுவி விழுந்தது. பேச்சு குறைந்தது. ஒரு நாள் மில் சங்கு ஊதவில்லை. லோகப்பிரியா மண்டிக்கே வந்து அப்பா எதிரில் நின்றாள். அந்தக் கதையில் தெய்வசிகாமணி கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோகிறார். அடியில் பத்துப் பக்கம் அப்பா எப்போதும் படிப்பார், சாவு அதில் அடங்கிப் புத்தகத்துக்குள்ளேயே கிடக்கும் என்று நம்பித்தான் அவள் துணிந்தாள். கோபிக்காரரின் போன் நடுவில் வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவர் இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிட்டதால், சாவு படிக்கப்படாமல் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

தம்பிதுரை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரைக்கும் என்று மட்டும் கேட்டார். ஒரு பக்கம் முன்னால் போனால் பையன் போய்விடுவான். ஒரு வரி விட்டுப்போனால் அந்த ஒரு வரி போதும் அவனைக் கொண்டுபோக. பட்டப்பகலில், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீதா முந்தின பக்கங்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் விரலை வைத்து உரக்கப் படித்தார். வாழ்நாளில் ஒரு சரக்கை மணி மணியாகக் கடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். மழை பெய்த வரியைப் படித்தார், கஷாயம் கொதித்த வரியைப் படித்தார். அக்கா தம்பியின் செருப்பை எடுத்து உள்ளே வைத்த வரியில் நின்றுவிட்டார். லோகப்பிரியா பதறிப்போய் அவர் தோளைத் தொட்டாள். சோளத் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி படித்தார். அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடினார். தெய்வசிகாமணி கண்ணைத் திறந்து, ரசம் இருக்குதுங்களா என்று கேட்டார். சங்கு ஊதியது.

டிசம்பரில் தம்பிதுரை மிச்சமிருந்த புத்தகங்களை எல்லாம் முடித்தார். மொட்டைமாடிப் பனியைக்கூட, கீதாவைச் சமாதானப்படுத்தி, படித்து அனுப்பினார். அந்த நாவலின் நடுப்பகுதி மட்டும் நின்றது. அதற்கு ஒரு மத்தியானம் போதும். படித்தால் பேரத்தில் ஜெயித்தவர் அவர்; அரிசி ஆலை, வாழைத்தோப்பு, பைபாஸ் இடம் எல்லாம் கைக்கு வரும். கோபியில் வேன் பேசிவிட்டார்கள் என்று வேறு தகவல். வருஷத்தின் கடைசி நாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் அந்தப் பக்கமே வரவில்லை. தெய்வசிகாமணிதான் வந்து பக்கத்தில் நின்றார்.

"வாக்குக் குடுத்துட்டீங்க, படிச்சுருங்க. எனக்கொண்ணும் கஷ்டமில்லீங்க. மூடி வெச்சிருந்தா உள்ள ஒண்ணும் தெரியாதுங்க."

தம்பிதுரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய், மூட்டை தைக்கிற கோணூசியையும் சணல் நூலையும் எடுத்துவந்து கொடுத்து, படிக்காத பக்கங்களை நன்றாக இறுக்கித் தைக்கச் சொன்னார். காயில் கட்டிப் பழகிய கை, தையல் ஒழுங்காக விழுந்தது. அது விழும்போதே தம்பிதுரை கோபிக்குப் போன் போட்டார்.

"ஒரு புஸ்தகம் முடியலீங்க. ஆமாங்க, புஸ்தகந்தான். இல்லீங்க, இனி முடியாதுங்க. வாக்கு வாக்குத்தானுங்களே."

கோபிக்காரர் இரண்டு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஒரு புத்தகத்தைப் படித்து முடிக்கச் சோம்பல்பட்டு அரிசி ஆலையைக் கோட்டைவிட்ட ஆள் என்று உடுமலை முழுக்கப் பேச்சாயிற்று. பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு அவரை உதாரணம் காட்டினார்கள். மண்டியில் கேலி செய்தவர்களிடம் அவர் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் சோளத்துக்கு விலையைக் குறைத்துப் பேசினார்.

மாசியில் கொடுமுடியில், ஆற்றங்கரைக் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூட்டம் எழுதப்படாததால், ஒரே கூட்டத்துக்குள் கட்டக்கூடாது என்று யாரும் தடுக்க முடியவில்லை. சிக்கல் வந்தது இணைச்சீரில்தான். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய சகோதரி நின்று செய்கிற சீர் அது. அவள் இல்லாமல் கல்யாணம் நகராது. தெய்வசிகாமணிக்கு அக்கா உண்டு, ஆனால் தம்பிதுரை சரியாக அந்த நடுப்பக்கத்தைப் படித்துத் தொலைத்திருந்ததால் அவளால் வர முடியவில்லை. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில், இவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது யார் என்று கீதா கேட்டார். ரம்ஷா பட்டுப்புடவைக்கு மேல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்று சீர் செய்தாள். ஒரு பெரியவர் ஏதோ முணுமுணுத்தார். பீர் முகம்மது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சீர்ப்புடவை இந்தத் தரத்துக்குக் குறைவாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவோம் என்று பேரம் பேச ஆரம்பித்ததும், பெரியவர் பழைய முணுமுணுப்பை மறந்து, பெண் வீட்டுப் பக்கம் விலையைக் குறைக்கப் போய்விட்டார்.

தம்பதி இப்போது கோயமுத்தூரில், சிங்காநல்லூரில் இருக்கிறார்கள். ஆதார் கார்டில் தெய்வசிகாமணிக்குப் பிறந்த வருஷம் போடுவதில் கொஞ்சம் தகராறு ஆகி, கடைசியில் லோகப்பிரியாவைவிட இரண்டு வயது கூட வைத்துப் பதிந்தார்கள். அவர் பஜாரில் மோட்டார் ரீவைண்டிங் கடை போட்டிருக்கிறார். வேலை சுத்தம், ரேட் கொஞ்சம் சாஸ்தி, அது மாமனார் வளர்ப்பு. அவருக்குச் சின்னதாகச் சளி பிடித்தாலும் தம்பிதுரை உடுமலையிலிருந்து பஸ் ஏறி வந்து, சாவு அத்தியாயத்தை ஒருமுறை வரி விடாமல் படித்துவிட்டுப் போகிறார். போன ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஆஸ்பத்திரியில் மாமூலாக எல்லாம் பார்த்தார்கள், மாமூலாகவே இருந்தது. லோகப்பிரியா அந்த நாவலை மனத்துக்குள் முதல் வரியிலிருந்து கடைசி ரயில் வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள். இந்தப் பிள்ளை அதில் எங்குமே இல்லை. தம்பிதுரை பேத்தியை இரண்டு கையிலும் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, காதைத் தடவி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார். நர்ஸ் வந்து கேட்கிற வரைக்கும் கொடுக்கவில்லை.